தலை சுற்றவில்லை டாக்டர், தரைதான் ஆடுகிறது

கேள்வி:

என் வயது 44. அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். பதினான்கு மாதங்களுக்கு முன் குடும்பத்தோடு ஏழு நாள் கப்பல் பயணம் போய்வந்தோம். கப்பலில் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, குமட்டல்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்த அன்று இரவு படுத்தால் கட்டில் ஆடியது. எல்லாருக்கும்தான் ஆடியது, சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவர்களுக்கு மறுநாளே நின்றுவிட்டது. எனக்கு இன்றுவரை நிற்கவில்லை. நின்றாலும் உட்கார்ந்தாலும் தோணியில் இருப்பதுபோலவே இருக்கிறது. பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்தால் அசையாமல்தான் நிற்கிறேன். உள்ளே ஆடிக்கொண்டே இருக்கிறேன். அலுவலகத்தில் சுழல் நாற்காலியின் கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் வேலை பார்க்கிறேன்.

ஐந்து டாக்டர்களைப் பார்த்தாயிற்று. ஸ்கேன், காதுப் பரிசோதனை எல்லாம் நார்மல். கடைசியாகப் பார்த்தவர், "மனச ரிலாக்ஸா வச்சுக்கங்க" என்றார். என் கணவரும் மெல்ல அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டார். இதில் வேடிக்கை, காரில் போகும்போது மட்டும் ஆட்டம் நின்றுவிடுகிறது. அதைச் சொன்னால் இன்னும் நம்பமாட்டார்கள் என்று யாரிடமும் சொல்வதில்லை.

தேடிப் பார்த்ததில் மால் டி டிபார்க்மா என்று ஒரு பெயர் கண்ணில் பட்டது. அதுதானா இது? அதுவென்றால், என்னைப் போலப் பெயர் தெரியாமல் இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள்? நாலு பேருக்குத் தெரியும்படி பேச வேண்டும் என்று தோன்றுகிறது. பேசினால் பைத்தியம் என்பார்களோ என்றும் இருக்கிறது. சில நாள் காலையில் கண் விழிக்காமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

— ஒரு வாசகி

பதில்:

உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரியை 'வேடிக்கை' என்று சொல்லித் தாண்டிப் போய்விட்டீர்கள். காரில் போகும்போது நின்றுவிடுகிறது என்ற வரி. நம்பமாட்டார்கள் என்று பயந்து ஐந்து பேரிடமும் எதை மறைத்தீர்களோ, அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

தலைச்சுற்றல் என்று எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வண்டியில் ஏறினாலே தொந்தரவு கூடும். கண்ணை மூடிக்கொள்வார்கள், எப்போது வீடு வரும் என்று இருப்பார்கள். வண்டி ஓடும்போது குறைந்து, நின்றதும் திரும்பி வருகிற கோளாறு அபூர்வம். நீங்கள் கண்டெடுத்த பெயர் சரியாக இருக்கலாம் என்று நான் நினைப்பது அதனால்தான். கடிதத்தைப் படித்து நோயை உறுதி செய்ய முடியாது, நேரில் ஒருவர் பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் என் எதிரே உட்கார்ந்து இதையே சொல்லியிருந்தால் என் முதல் சந்தேகம் இதுவாகத்தான் இருக்கும்.

மேலே போவதற்கு முன் என் பங்குக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஓர் அம்மா என்னிடம் வந்தார். ஐம்பது வயது இருக்கும். "தலை சுத்துது டாக்டர்" என்றார். கழுத்தைத் திருப்பிப் படுக்க வைத்துப் பார்த்தேன், கண் அசைவைப் பார்த்தேன், கேட்கும் திறனை அளந்தேன். எதிலும் குறை இல்லை. வழக்கமான மாத்திரையை எழுதினேன். மறுபடி வந்தார், அளவைக் கூட்டினேன். இப்படியே ஐந்து மாதம். கடைசித் தடவை கதவுக் குமிழில் கை வைத்தபடி திரும்பி, "கார்ல வர்றப்ப மட்டும் நல்லா இருக்கு டாக்டர், இங்க வந்து உக்காந்தாத்தான் ஆடுது" என்றார். "அப்ப கார்லயே இருந்துடுங்க" என்று சிரித்தேன். அவரும் மரியாதைக்குச் சிரித்தார். அப்புறம் வரவேயில்லை. மூன்று வருடம் கழித்து ஒரு கருத்தரங்கில் யாரோ திரையில் போட்ட பட்டியலில் 'ஊர்தியில் செல்லும்போது குறையும்' என்ற வரியைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்தக் கதவுக் குமிழ் ஞாபகம் வந்தது.

அதனால் உங்கள் ஐந்து டாக்டர்கள்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

சிக்கலில் பாதி நம் சொல்லில் இருக்கிறது. அறை கரகரவென்று சுழன்றாலும் தலைச்சுற்றல்தான். எழுந்தவுடன் கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் தலைச்சுற்றல், நடை தள்ளாடினாலும் தலைச்சுற்றல், தூங்காமல் தலை கனத்தாலும் தலைச்சுற்றல். 'மயக்கம்' என்றால் இன்னும் மோசம். நினைவு தப்பி விழுந்தாரா, லேசாகக் கிறுகிறுத்ததா என்று துருவிக் கேட்டால்தான் தெரியும். 'சுற்றுகிறது' என்று காதில் விழுந்த மறுநொடி எங்கள் கை உள்காதுக்கான மாத்திரையை எழுதப் போய்விடும். உங்களுக்குச் சுற்றவில்லை, ஆடுகிறது. தோணி என்றும் கண்ணாடி என்றும் எனக்கு எழுதியவர், டாக்டர் அறைக்குள் போனதும் அதையெல்லாம் 'தலைச்சுற்றல்' என்று ஒரே சொல்லில் மூட்டை கட்டியிருப்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். டாக்டர் நேரத்தை வீணாக்கக் கூடாது என்ற பணிவு.

சரி, பெயருக்கு வருவோம். மால் டி டிபார்க்மா என்பது பிரெஞ்சு. 'இறங்கியபின் வரும் நோவு' என்று பொருள். மருத்துவர்கள் எம்.டி.டி.எஸ். என்று சுருக்குவார்கள். கப்பலில் இருக்கும்போது வருகிற குமட்டல் வேறு, இது வேறு. கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத்தான் இது வரும் என்றும் இல்லை. கப்பலில் உங்களைப் போல ஜம்மென்று இருந்தவர்களுக்கும் வருகிறது. விமானம், ரயில், நீண்ட கார் பயணத்துக்குப் பிறகும் வரலாம். பயணமே போகாமல் இதே ஆட்டம் தொடங்குகிறவர்களும் உண்டு, அவர்களைத் தனியாக வைத்துப் பார்க்கிறோம்.

இறங்கிய பிறகு ஆடுவது ஒன்றும் புதுச் செய்தி அல்ல. சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின் ஒரு மருத்துவர். கடலில் இருந்து திரும்பியவர்களுக்குக் கரையிலும் அறை அசைவதுபோலத் தோன்றும் என்று அவர் 1790களிலேயே எழுதியிருக்கிறார். ஆரோக்கியமானவர்களுக்கும் சில மணி நேரம், மிஞ்சிப்போனால் இரண்டு நாள் அப்படி இருக்கும். உங்கள் வீட்டில் எல்லாரும் சிரித்தீர்களே, அதுதான். அது நோயே இல்லை. போகாமல் தங்கிவிடுவதுதான் நோய். அப்படித் தங்கிவிட்ட ஆறு பேரைப் பற்றி பிரௌன், பலோ என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் கட்டுரை எழுதியது 1987இல். பெயரோடும் விவரத்தோடும் இது மருத்துவ இதழ்களுக்குள் வந்தது அப்போதுதான். நான் படித்த காலத்தில் இதைப் பற்றிப் பாடத்தில் ஒரு வரி கிடையாது.

கறாரான அளவுகோல் வந்தது இன்னும் பிந்தி, 2020இல். உள்காதின் சமநிலை உறுப்பைப் பற்றிய ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர் ராபர்ட் பாரானி. (பரிசுச் செய்தி வந்தபோது மனிதர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.) அவர் பெயரில் இயங்குகிற சர்வதேசச் சங்கம்தான் அந்த அளவுகோலை வகுத்தது. அதன்படி, சுழற்சி இல்லாத ஆட்டம் நாள் முழுக்கவோ நாளின் பெரும்பகுதியோ இருக்க வேண்டும். பயணம் முடிந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். 48 மணி நேரத்தைத் தாண்டி நீடிக்க வேண்டும். மறுபடி வண்டியில் போகும்போது தற்காலிகமாகக் குறைய வேண்டும். ஒரு மாதம் தாண்டினால் அது நீடித்த வகை. கடைசியாக, வேறு நோய் எதுவும் இதைவிடப் பொருத்தமாக இருக்கக் கூடாது. உங்கள் கடிதத்தை இதன்மேல் வைத்துப் பார்த்தால் கடைசி நிபந்தனை ஒன்றுதான் பாக்கி. அதை முடிவு செய்யத்தான் நேரில் ஒரு டாக்டர் தேவை. காது மூக்கு தொண்டை மருத்துவராகவும் இருக்கலாம், நரம்பியல் மருத்துவராகவும் இருக்கலாம், சமநிலைக் கோளாறுகளைத் தொடர்ந்து பார்க்கிறவராக இருப்பது முக்கியம். ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்து வரும் தலைச்சுற்றல் ஒன்று இருக்கிறது. எழுந்து நின்றாலும் நடந்தாலும் கூட்டத்தைப் பார்த்தாலும் அதிகமாகி, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற தடுமாற்றம் இன்னொன்று. இவற்றையெல்லாம் அவர் பிரித்துப் பார்ப்பார். அவரிடமாவது கார் விஷயத்தை மறைக்காதீர்கள்.

இந்த இடத்தில் எல்லா வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆட்டமோ சுற்றலோ, திடீரென்று வந்து, கூடவே ஒரு பக்கக் கை கால் பலவீனம், நாக்குக் குழறல், இரட்டைப் பார்வை, இதுவரை வராத கடும் தலைவலி, ஒரு காது சட்டென்று கேட்காமல் போவது என்று ஏதாவது இருந்தால் இந்தப் பதிலை மேற்கொண்டு படிக்க வேண்டாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இப்போது அந்த 'நார்மல்' என்ற சொல். ஸ்கேன் நார்மல் என்றால் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம் அல்ல. கட்டியோ ரத்தக்கசிவோ காதில் சேதமோ இல்லை என்று அர்த்தம். இந்த நோயில் எதுவும் உடையவில்லை. மூளை ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டு அதை மறக்க மறுக்கிறது. கப்பலில் முதல் நாள் தடுமாறுகிறோம், மூன்றாம் நாள் சாதாரணமாக நடக்கிறோம். உள்காது, கண், பாதம் மூன்றும் அனுப்புகிற செய்தியை வைத்து, தளம் எப்போது எந்தப் பக்கம் சாயும் என்று மூளை கணித்து, சாய்வதற்கு முன்பே உடம்பைத் தயார் செய்துவிடுகிறது. கரைக்கு வந்ததும் அந்தக் கணக்கை மூட வேண்டும். உங்களுக்கு அது மூடவில்லை. வாடகைக்கு வந்தவர் ஒப்பந்தம் முடிந்தும் காலி பண்ணாமல் இருக்கிற மாதிரி. காரில் ஏறினால் நிஜமான அசைவு வந்துவிடுகிறது, மூளையின் கணக்குக்கு ஒரு வேலை கிடைக்கிறது, ஆட்டம் அடங்குகிறது. இந்த விளக்கம் இன்னும் முழுமையாக நிரூபணமானது அல்ல, ஆனால் இப்போதைக்கு நிகழ்வதோடு நன்றாகப் பொருந்துகிறது. 2012இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், இந்த நோயாளிகளின் மூளையில் இடம், நினைவு சம்பந்தப்பட்ட எண்டோரைனல் கார்டெக்ஸ் என்ற பகுதி இடது பக்கத்தில் வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக இருப்பதைப் பார்த்தார்கள். சாதாரண எம்.ஆர்.ஐ.யில் அது தெரியாது. நோயாளிகளில் பெரும்பாலோர் உங்களைப் போல நடுத்தர வயதுப் பெண்கள். ஏன் என்பதற்கு ஹார்மோன் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள்.

மருந்து இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஐந்து டாக்டர்களுக்குப் பிறகு கேட்கத் தெம்பில்லை போல. எல்லாருக்கும் பலிக்கிற மருந்து கிடையாது. கிறுகிறுப்புக்கு வழக்கமாகத் தருகிற மெக்லிசின் மாதிரி மாத்திரைகள் இதில் பெரிதாக எதுவும் செய்வதில்லை. குறைந்த அளவு குளோனசெபாம் சிலருக்கு ஆட்டத்தைத் தணிக்கிறது. ஆனால் அது பழக்கமாகிவிடக்கூடிய மருந்து, தூக்கம் வரும், நினைத்த நாளில் சட்டென்று நிறுத்தவும் கூடாது. டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம். வெண்லாஃபாக்சின் போன்ற மருந்துகளும் சிலருக்கு உதவுகின்றன. இங்கே ஒரு சங்கடம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அது மனச்சோர்வுக்கும் தருகிற மருந்து என்பதால், சீட்டைப் பார்த்துவிட்டு வீட்டில் "பாத்தியா, மனசுதான்" என்பார்கள். அதே மருந்தை ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் எழுதுகிறோம் என்று சொல்லுங்கள்.

நம்பிக்கை தருகிற சிகிச்சை ஒன்று நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் பிறந்தது. மிங்ஜியா டாய் தலைமையிலான குழு 2014இல் அதை வெளியிட்டது. சுற்றிலும் கோடுகள் நகர்ந்துகொண்டிருக்க, நோயாளி அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவர் உணரும் ஆட்டத்தின் வேகத்துக்கு ஏற்றபடி அவருடைய தலையை இரண்டு பக்கமும் சாய்த்துக்கொடுப்பார்கள். ஒரு நேரத்துக்குச் சில நிமிடங்கள், இப்படிச் சில நாட்கள். காலி பண்ணாத பழைய கணக்கைப் புதுக் கணக்கால் கிளப்புகிற முயற்சி. 24 பேரில் 17 பேருக்கு முழுமையாகவோ பெருமளவோ குணம் தெரிந்தது, ஏறத்தாழ ஒரு வருடம் வரை கவனித்தபோதும் நீடித்தது. ஒப்பிடுவதற்கு வேறு குழு வைக்காத ஆய்வு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொரு குரூரமும் உண்டு: சிகிச்சை முடிந்து நெடுந்தூரம் பயணம் செய்து வீடு திரும்பியதில் சிலருக்குப் பழையபடி ஆரம்பித்துவிடுகிறது. கோடுகள் ஓடுகிற வீடியோவைப் போட்டு நீங்களாகவே வீட்டில் செய்து பார்க்காதீர்கள். எந்தத் திசையில், என்ன வேகத்தில் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

தானாகச் சரியாகுமா? சிலருக்கு மாதங்களில் போய்விடுகிறது, சிலருக்கு வருடக்கணக்காக இருக்கிறது. நாள் ஆக ஆகத் தானாகப் போகிற வாய்ப்பு குறையும். 'நாளைக்கே சரியாகிவிடும்' என்று யாராவது பணம் கேட்டால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். சரியானாலும் அடுத்த நெடும் பயணத்துக்குப் பின் திரும்பலாம். அதனால் ஆட்டத்தோடு நாளை ஓட்டுவது எப்படி என்பதையும் பேசியாக வேண்டும்.

தூக்கம் குறைந்தால் கூடும், மன அழுத்தத்தில் கூடும், மாதவிலக்கை ஒட்டிச் சிலருக்குக் கூடும். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கூடும். போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டே போவது, பளபளவென்று பொருள் அடுக்கிய நீண்ட வரிசைகளுக்கு நடுவே நடப்பது, கண்ணை மூடி நின்று தலைக்குக் குளிப்பது, இதெல்லாம் பலருக்கு ஆகாது. ஒரு நோட்டில் இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள், உங்களுக்கு எது என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் குறிக்க வேண்டாம். பொழுதன்றைக்கும் ஆட்டத்தை அளந்துகொண்டே இருந்தால் மூளைக்கு அதைத் தவிர வேறு வேலை இருக்காது. நடப்பது நல்லது. விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் வீட்டோடு முடங்குவது கெடுதல். கார் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: ஓடும்போது சுகமாக இருக்கிறதே என்று சிலர் சும்மாவே மணிக்கணக்கில் சுற்றி வருவார்கள். இறங்கியதும் முன்பைவிட அதிகமாக ஆடும். குளோனசெபாம் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

உங்கள் கணவர் விஷயம். அவர் கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, ரிப்போர்ட்டிலும் எதுவும் இல்லை, பதினான்கு மாதம் ஓடிவிட்டது, மனிதருக்கு அலுத்துவிட்டது. விளக்கிப் பேசிப் பயனில்லாத இடத்தில் நான் ஒரு சோதனையைச் சொல்வேன். மெத்தையைத் தரையில், சுவர் ஓரமாகப் போடுங்கள். அவரை வெறுங்காலோடு அதன்மேல் ஏறி, ஒரு பாதத்தின் முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்து, கண்ணை மூடி நிற்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக இருக்கட்டும். அப்படியே நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொல்லுங்கள். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு... கொஞ்ச நேரத்தில் கணுக்கால் வெடவெடக்கும், கை சுவரைத் தேடும், கணக்கு தப்பும். இறங்கிவிடுவார். "நீங்க இறங்கிட்டீங்க, எனக்கு இறங்க முடியல" என்று மட்டும் சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போங்கள். இந்தச் சோதனைக்குப் பிறகு என்னிடம் மனைவியோடு சேர்ந்து வந்து உட்கார்ந்த கணவர்கள் இருக்கிறார்கள். அதே ஆட்டத்தில் நின்றுகொண்டு நீங்கள் நாள் முழுக்க அலுவலகக் கணக்கைத் தப்பில்லாமல் போடுகிறீர்கள் என்பது அவருக்கு அப்போது உறைக்கும்.

கண் விழிக்காமலே இருந்திருக்கலாம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை நான் படிக்காததுபோலத் தாண்ட மாட்டேன். இவ்வளவு நாள் நிற்காமல் ஆடினால் யாருக்கும் மனம் தளரும். அது நோயின் விளைவு, நோயின் காரணம் அல்ல. ஆனால் விளைவு என்பதற்காகச் சும்மா விடவும் கூடாது. இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். போனால் 'மனசுதான்' என்பவர்கள் பக்கம் சாய்ந்ததாகிவிடும் என்று யோசிக்காதீர்கள். எலும்பு முறிந்தவருக்கு வலிக்கும் சேர்த்துத்தான் மருந்து கொடுக்கிறோம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, பேசலாமா என்பது. பேசுங்கள். ஆனால் விழிப்புணர்வு என்றதும் மேடை, மைக், ஆயிரம் பேர் என்று நினைத்து மலைக்காதீர்கள். இந்த நோயை அபூர்வம் என்கிறோம். அதில் எவ்வளவு நிஜமான அபூர்வம், எவ்வளவு எங்களைப் போன்றவர்கள் கண்டுபிடிக்காமல் விட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பெயர் வைக்காத ஒன்றை யார் எண்ணுவார்கள்? அதனால் ஆயிரம் பேர் உங்கள் கஷ்டத்தைக் கேட்டு உச்சுக்கொட்டுவதைவிட, பத்து டாக்டர்கள் காதில் சரியான வாக்கியம் விழுவது பெரிய காரியம்.

அந்த வாக்கியத்தை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "எனக்குத் தலை சுற்றவில்லை, ஆடுகிறது. கப்பலில் இருந்து இறங்கிய நாளில் தொடங்கியது. வண்டியில் போகும்போது நின்றுவிடுகிறது, வண்டி நின்றதும் திரும்பிவிடுகிறது." அடுத்து பார்க்கப்போகும் டாக்டரிடம் வாயைத் திறந்ததும் இதைத்தான் சொல்ல வேண்டும். மற்ற கதையெல்லாம் அப்புறம். 2020ஆம் ஆண்டு அளவுகோலை அச்சிட்டுக் கொண்டுபோகலாம். "இதுதான் எனக்கு" என்று நீட்டினால் எங்களில் சிலருக்கு மூக்கின்மேல் கோபம் வரும். "இது என் நிலைமை மாதிரி இருக்கு, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள்.

நோய் உறுதியானதும், பழைய ஐந்து டாக்டர்களுக்கும் ஆளுக்கொரு கடிதம் போடுங்கள். குற்றப் பத்திரிகையாக வேண்டாம். இன்ன தேதியில் உங்களிடம் வந்தேன், இன்ன நோய் என்று பிறகு தெரிந்தது, காரில் குறைகிறது என்பதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன், அடுத்து வருகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். நாலு வரி போதும். துண்டுப் பிரசுரத்தை நாங்கள் மறந்துவிடுவோம், நாங்கள் தவறவிட்ட நோயாளியை மறக்க மாட்டோம். அந்த அம்மா எனக்கு அப்படி ஒரு கடிதம் போட்டிருந்தால், நடுவில் போன மூன்று வருடத்தில் வந்தவர்களிடமாவது நான் ஒழுங்காகக் கேட்டிருப்பேன்.

அலுவலகத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு போதும். நோயின் பெயர், இது மூளை சமநிலையைக் கணக்கிடுவதில் வரும் கோளாறு, மயங்கி விழுகிற நோய் அல்ல, தொற்றாது, உங்களுக்கு என்ன உதவி வேண்டும். நீண்ட கூட்டங்களில் நடுவே எழுந்து நடக்க அனுமதி, மினுக்குகிற விளக்கின் கீழ் இல்லாத இடம், மோசமான நாளில் வீட்டிலிருந்து வேலை. 'எனக்கு முடியவில்லை' என்று போனால் அனுதாபம் கிடைக்கும், 'எனக்கு இது வேண்டும்' என்று போனால் இடம் மாற்றித் தருவார்கள்.

பொதுவில் பேச விரும்பினால் அதற்கும் நாள் இருக்கிறது. பிப்ரவரியின் கடைசி நாள் அரிய நோய்களுக்கான நாள். 2008இல் முதல் தடவை அனுசரித்தபோது வேண்டுமென்றே பிப்ரவரி 29ஐத் தேர்ந்தெடுத்தார்கள், நாலு வருடத்துக்கு ஒரு முறை வருகிற அபூர்வ நாள் என்று. செப்டம்பரில் சமநிலைக் கோளாறுகளுக்கான விழிப்புணர்வு வாரமும் வருகிறது. பேசும்போது கப்பலையும் விமானத்தையும் பார்த்து ஊரே பயப்படும்படி பேசிவிடாதீர்கள். ஏறி இறங்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டம் இரண்டு நாளுக்குள் போய்விடுகிறது, அதை முதலில் சொல்லுங்கள். போகாதவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது அடுத்தது. பைத்தியம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். நீங்கள் அவருக்காகப் பேசவில்லை, அவருக்குப் பின்வரிசையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவருக்காகப் பேசுகிறீர்கள்.

இதே நோய் உள்ளவர்கள் சேர்ந்த குழுக்கள் இருக்கின்றன. போய்ப் பாருங்கள், 'எனக்கும்' என்று இன்னொருவர் சொல்வதைக் கேட்பதே பாதி மருந்து. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: குணமானவர்கள் குழுவை விட்டுப் போய்விடுவார்கள், ஆகாதவர்கள்தான் தங்குவார்கள். அங்கே கேட்கிற கதைகளை வைத்து உங்கள் எதிர்காலத்தைக் கணக்குப் போடாதீர்கள். மோசமான நாட்களில் யாருக்கும் ஆறுதல் சொல்லும் கடமையும் உங்களுக்கு இல்லை. போனை அணைத்துவிட்டுப் படுங்கள்.

அப்புறம் அந்தச் சுழல் நாற்காலி. பெரிய சிகிச்சை எல்லாம் தேதி கிடைத்து நடக்கும்போது நடக்கட்டும், இதற்கு யாருடைய சீட்டும் வேண்டாம். என்னிடம் வருகிற சிலர், உருளும் சுழலும் நாற்காலியில் தங்களுக்கு ஆட்டம் கூடுகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். நாளைக்குப் போனதும் அதைத் தள்ளி வைத்துவிட்டு, நாலு காலும் தரையில் ஊன்றிய சாதாரண நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். முதுகு சுவரில் படும்படி போட்டு உட்கார்ந்து, இரண்டு வாரம் கழித்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.